வண்டி நின்ற இடம்

“கொமாத்ரே, அவன் ஷூவைப் போட்டுக்கிட்டே படுத்திருக்கான்.”

தொலைபேசியில் இமெல்டாவின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. ஒர்லிந்தா அடுப்பில் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

“யாரு, தெல்ஃபினோவா?”

“வேற யாரு? கயித்தை இறுக்கிக் கட்டி, ஜாக்கெட்டையும் மாட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு கட்டில்ல கெடக்கான். ‘என்னடா, எங்க கிளம்பிட்டே’ன்னு கேட்டா, ‘கால் குளிருது’ங்கறான்.”

“ஏப்ரல்ல என்ன குளிரு?”

“அதைத்தான் சொல்றேன். போன ரெண்டு தடவை ஓடினப்பவும் இப்படித்தான் ஷூவோட படுத்திருந்தான். இந்தத் தடவை வாசப்படி தாண்டிட்டான்னா திரும்ப எடுக்க மாட்டாங்க கொமாத்ரே. அவனுக்குப் பின்னாடி எத்தனை பேரு கட்டிலுக்குக் காத்திருக்காங்க. அது போகட்டும், ஈரல் இன்னொரு தடவை தாங்காதுன்னு டாக்டரம்மா அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாங்க.”

“அதுக்கு அவன் என்ன சொன்னான்?”

“‘நல்ல ஈரல், பாவம்’னான்.”

ஒர்லிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. இமெல்டாவின் இளைய மகனுக்கு ஒர்லிந்தாதான் ஞானத்தாய். அந்த உறவில்தான் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று அழைத்துக்கொள்வது. இப்போது அதோடு வேலை உறவும் சேர்ந்திருந்தது. குடியையும் போதை ஊசியையும் விட்டொழிக்க வருகிறவர்களுக்காகப் பள்ளத்தாக்கின் மேற்கே இருந்த மண்வீட்டில் இமெல்டா ஆலோசகர். நாட்டு வைத்தியக்காரியான ஒர்லிந்தா வாரத்தில் இரண்டு பிற்பகல் அங்கே போய்த் தழையால் வருடிவிடுவாள், வயிறு பிடித்துவிடுவாள், முட்டையால் சுற்றிப்போடுவாள். எல்லாவற்றுக்கும் முன்னால் உட்கார்ந்து பேசுவாள். டாக்டரம்மா முதலில் முட்டையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்தான். நடுக்கத்தை என் மாத்திரை நிறுத்துகிறது, ஆளை உட்காரவைத்துப் பேசவைப்பது இவள்தான் என்று கண்டுகொண்ட பிறகு, “தோன்யா வந்தாச்சா?” என்று மரியாதை வைத்து அவரே விசாரிக்க ஆரம்பித்திருந்தார்.

“தூங்குறானா?”

“எங்க? மாத்திரைக்கு நடுக்கம் போயிருச்சு, ஜுரம் போயிருச்சு. தூக்கம் மட்டும் வரமாட்டேங்குது. கண்ணை மூடினா திடுக்குனு எழுந்து உக்காந்துக்கறான். நீங்க வாங்களேன்.”

“அடுப்பை அணைச்சுட்டு வர்றேன். அதுவரைக்கும் வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கோ. குறுக்க நீ உக்காந்திருந்தா உன்னைத் தாண்டிப் போறதுக்கு அவனுக்கு வெக்கமா இருக்கும்.”

தெல்ஃபினோ உண்மையிலேயே ஷூவோடுதான் படுத்திருந்தான். நாற்பத்தைந்தைத் தாண்டிய ஆள். வெயிலில் கருத்த கழுத்து. ஒருகாலத்தில் அகலமாக இருந்து இப்போது உள்ளே விழுந்துவிட்ட தோள்.

“வாங்க தோன்யா. முட்டை கொண்டாந்தீங்களா?”

“இன்னிக்கு இல்ல.”

“நல்லதாப் போச்சு. போன வாரம் உடைச்சுப் பாத்து என்ன கண்டுபிடிச்சீங்க? நான் குடிகாரன்னுதானே? முட்டையை வீணாக்காம என்கிட்டயே கேட்டிருக்கலாம்.”

“நீ குடிகாரன்னு சொல்றதுக்கு முட்டை எதுக்கு மிஹோ, எம் மகனே? பள்ளத்தாக்குல கோழிக்கே தெரியும்.” அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். “முட்டையில நான் பாத்தது வேற. நீ பயந்து போயிருக்க.”

“நானா?”

“சுஸ்தோ. ஆள் இங்க இருக்கான், உசுரு எங்கயோ நின்னுபோச்சு. அதான் தூங்கப் போனா தூக்கிப்போடுது. எங்க பயந்தே?”

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“எங்கன்னு ஊருக்கே தெரியும்.”

தெரியும்தான். இரண்டு வசந்தத்துக்கு முன்னால் அவனுடைய அண்ணன் ஒனோஃப்ரே வாய்க்காலின் தலைமதகில் தண்ணீர் திறந்துவிடப் போனவன், மாரடைத்து அங்கேயே விழுந்து செத்தான். அந்த வாய்க்காலுக்கு ஒனோஃப்ரேதான் நீர்க்கட்டி. முறை வைத்துத் தண்ணீர் பிரிப்பதும், மராமத்துக்கு ஆள் கூப்பிடுவதும் அவன்தான். கண்டெடுத்தவன் தெல்ஃபினோ. அதன்பிறகு அவன் மதகுப் பக்கமே போனதில்லை. தன் வயலுக்கு வரவேண்டிய தண்ணீர் முறையைக்கூட அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டான். முன்னாலும் குடித்தவன்தான். ஆனால் அப்போதெல்லாம் ஒரு கரை இருந்தது.

“அங்க போகணும்,” என்றாள் ஒர்லிந்தா.

“மாட்டேன்.”

“ஷூ போட்டுத் தயாராத்தானே இருக்க?”

“அது வேற எடத்துக்கு.”

“அந்த எடத்துக்கு நாளைக்குப் போ. நாற்காலியை நானே நகத்தி வைக்கிறேன். இன்னிக்கு மதகுக்கு வா. விட்ட எடத்துலதான் கூப்பிடணும், கட்டில்ல வச்சுக் கூப்பிட்டா வராது.”

அவன் எழுந்து உட்கார்ந்து ஷூக் கயிற்றைத் தடவினான். பிறகு, “இமெல்டா வண்டியிலயா?” என்று கேட்டான்.

“ஆமா.”

“அவ ஓட்டுற லட்சணத்துக்கு அதுல வேற புதுசாப் பயப்படணும்.”

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்!” என்றது வாசல் நாற்காலி.

டாக்டரம்மா அன்று பக்கத்து ஊர் மருத்துவமனையில் இருந்தார். இமெல்டா தொலைபேசியில் கேட்டாள். “கூடவே இரு, பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடுங்க, சாயங்கால மாத்திரை தவறக்கூடாது” என்று சொல்லிச் சம்மதித்தார். போகும் வழியில் ஒர்லிந்தா தன் வீட்டில் இறங்கி, வெளிவேலைக்கு எடுத்துப்போகும் பழைய தோல்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வாய்க்கால் கரையில் கார் ஏறியதும், கீழ் வயலில் வேலி கட்டிக்கொண்டிருந்த செலெஸ்தீனோ நிமிர்ந்து கத்தினார். “ஏ தெல்ஃபினோ! ரெண்டு பொம்பளைங்களோட எங்கடா கிளம்பிட்ட?”

“ரெண்டு பேரும் என்னைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு அடம்பிடிக்கறாங்க!”

“ஒருத்தியை இங்க எறக்கி விட்டுட்டுப் போ!”

“உங்க வீட்டம்மாகிட்ட சொல்லட்டா?” என்றாள் இமெல்டா. செலெஸ்தீனோ அவசரமாகக் கம்பிக்குக் குனிந்துகொண்டார். தெல்ஃபினோ சிரித்தான். மதகு கண்ணில் பட்டதும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

மலையில் பனி உருகிக்கொண்டிருந்ததால் தண்ணீர் பழுப்பாக, சத்தத்தோடு வந்தது. மராமத்து முடிந்திருந்தது. கரையெல்லாம் புதிதாக வாரிப்போட்ட சேறு. ஒர்லிந்தா மதகுப் பலகைக்கு அருகில், ஒனோஃப்ரே விழுந்துகிடந்த இடத்தில் கம்பளியை விரித்தாள்.

“படு மிஹோ. கையை அகட்டி வச்சுக்கோ. நான் கூப்பிடுவேன். ‘வா தெல்ஃபினோ, அங்க நிக்காத, வா’ன்னு. நீ ‘இதோ வர்றேன்’னு சொல்லணும். அவ்வளவுதான் உன் வேலை.”

“சும்மா சொன்னாப் போதுமா?”

“சும்மா சொல்லித்தான் பாரேன்.”

அவன் படுத்தான். அவள் அருவதாத் தழையையும் ரோஸ்மேரியையும் சேர்த்துக் கட்டிய கொத்தால் உச்சியிலிருந்து பாதம்வரை வருடிக்கொண்டே வந்தாள். வாய் ஜெபத்தை முணுமுணுத்தது. காலருகில் நின்று கூப்பிட்டாள்.

“வா தெல்ஃபினோ. அங்க நிக்காத. வா.”

பதில் இல்லை. தண்ணீர்தான் பேசிற்று.

மறுபடி வருடினாள், மறுபடி கூப்பிட்டாள். அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மூன்றாம் முறையும் அப்படியே. முப்பது வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறவள் ஒர்லிந்தா. அழுதுகொண்டு பதில் சொன்னவர்கள் உண்டு, சிரித்துக்கொண்டு சொன்னவர்கள் உண்டு. வாயே திறக்காதவனை அவள் பார்த்ததில்லை.

இப்படி உயிர் அடம்பிடிக்கும்போது அதைத் திடுக்கிடவைத்து எழுப்பவேண்டும். வாய்நிறைய எடுத்து முகத்தில் ஊதித் தெளிப்பதுதான் அதற்கு வழி. அவள் கை தானாகப் பைக்குள் போயிற்று, தானாகப் பாட்டில் மூடியைத் திருகிற்று. ஒரு பெரிய வாய் எடுத்துக் கன்னங்களை உப்பிக்கொண்டு அவன் முகத்துக்கு மேலே குனிந்தாள்.

அப்போதுதான் நாக்கில் எரிந்தது.

சாராயம். அருவதா ஊறப்போட்ட கரும்புச் சாராயம். குடிமறக்க வந்த வீட்டுக்குள் அதன் சொட்டு நுழையக்கூடாது என்பதற்காகத்தான் அங்கே அவள் பன்னீர் வைத்திருந்தாள். அந்தப் பன்னீர் அந்த வீட்டுப் பையில் இருந்தது. இது வெளிவேலைப் பை. பழக்கதோஷத்தில் கை செய்துவிட்டது.

தெல்ஃபினோ கண்ணைத் திறந்திருந்தான். மூக்கு விடைத்திருந்தது. அவள் உப்பிய கன்னங்களோடு அவனைப் பார்த்தாள். துப்பினால் அவன் மேல் விழும், விழுங்கவோ அவளுக்கு மனம் வரவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவும் வழியில்லை.

“கொமாத்ரே?” என்றாள் இமெல்டா. பிறகு காற்று அவள் பக்கமும் திரும்பியது. “ஐயோ கடவுளே! என்ன காரியம் பண்ணிட்டீங்க!”

ஒர்லிந்தா வாயைப் பொத்திக்கொண்டு ஓடி, வண்டித்தடத்து மணலில் துப்பினாள். இருமினாள். திரும்பும்போது அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

“என் கையை வெட்டணும். மிஹோ, என்னை மன்னிச்சுக்க. பழைய பை இது, பழைய கை. யோசிக்கவே இல்ல நான்.”

தெல்ஃபினோ எழுந்து உட்கார்ந்திருந்தான். அவன் பார்வை அவள் மேல் இல்லை. அவள் கையிலிருந்த பாட்டில் மேல் இருந்தது.

“கொட்டுங்க,” என்றான்.

அவள் பதறிப்போய் வாய்க்கால் பக்கம் திரும்பினாள்.

“அதுல இல்ல! கீழ செலெஸ்தீனோவோட ஆடு தண்ணி குடிக்கும். மணல்ல கொட்டுங்க. சீக்கிரம் கொட்டுங்க தோன்யா, நான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

அவள் தலைகீழாகக் கவிழ்த்தாள். அது குடக் குடக் என்று நிதானமாகத்தான் இறங்கியது. அவன் கம்பளியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தான். பாட்டில் காலியான பிறகும் பிடி தளரவில்லை.

“இதே வாசனை,” என்றான்.

“எதோட வாசனை?”

“அன்னிக்கு. அவன் பிக்கப் வண்டி சீட்டுக்கு அடியில எப்பவும் ஒரு பாட்டில் கெடக்கும். உங்க சரக்கு மாதிரிதான், நாட்டுச் சரக்கு. மராமத்துக்கு வர்றவங்களுக்குக் கடைசியில ஆளுக்கொரு வாய் கொடுப்பான்.”

இமெல்டா மெல்ல வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“அந்த வளைவுல வரும்போதே பாத்துட்டேன். இங்க குப்புறக் கெடந்தான். மம்பட்டி பக்கத்துல கெடந்துச்சு. கூப்பிட்டேன், அசையல. நான் என்ன பண்ணேன்னு நெனைக்கிறீங்க?”

“ஓடிவந்து தூக்கின,” என்றாள் ஒர்லிந்தா. ஊர் அப்படித்தான் சொன்னது.

“வண்டிக்குப் போனேன்.”

“போன் எடுக்கவா?” என்றாள் இமெல்டா.

“போன் என் சட்டைப்பையிலயே இருந்துச்சு. குடிக்கப் போனேன். கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில கையை விட்டு எடுத்து, அங்கயே நின்னு குடிச்சேன். அவனைப் பாத்துக்கிட்டே குடிச்சேன். பாதி பாட்டில். அப்புறம்தான் வந்து அவனைத் திருப்பிப் போட்டேன். அப்புறம்தான் போன் பண்ணேன்.” அவன் வாயைப் புறங்கையால் துடைத்தான். “எல்லாரும் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. சாவுவீட்டுல என் வாயில சாராய நாத்தம் அடிச்சது. துக்கத்துல குடிச்சிருக்கான், பாவம்னாங்க.”

“தெல்ஃபினோ, கேளு.” இமெல்டா அவன் முழங்கையைத் தொட்டாள். “அவர் காலைலயே போயிட்டார்னு ஆம்புலன்ஸ்காரங்க சொன்னாங்க. நீ வந்தது மத்தியானம். நீ ஓடி வந்திருந்தாலும்...”

“அது அவங்களுக்குத் தெரியும் இமெல்டா. எனக்கு அப்பத் தெரியாதே. உசுரு இருக்கா இல்லையான்னு தெரியாமத்தானே நான் வண்டிக்குப் போனேன்.”

இமெல்டா கையை எடுத்துக்கொண்டாள். ஒர்லிந்தா சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். ‘விடு மிஹோ, ஆண்டவர் பாத்துப்பார்’ என்று சொல்லியே பழக்கம். இன்று ஒருமுறை பழக்கம் பண்ணின கூத்து போதும் என்று வாயை மூடிக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள். மதகு, பலகை, கம்பளி. அதற்கு அப்பால் வண்டித்தடம், துளிர்விட்டிருந்த மரங்கள்.

“வண்டி எங்க நின்னுச்சு?” என்று கேட்டாள்.

“என்ன?”

“ஒனோஃப்ரே வண்டி. எந்த எடத்துல நின்னுச்சு?”

அவன் கையைக் காட்டினான். “அந்த ரெண்டாவது மரத்தடியில. மூக்கு இந்தப் பக்கமா.”

“நான் ஒரு மடச்சி.” அவள் கம்பளியை உருவ ஆரம்பித்தாள். “எழுந்திரு, எழுந்திரு. இங்க செத்தது உங்க அண்ணன். நீ இங்க பயப்படல. நீ அங்க, வண்டிக் கதவுகிட்ட நின்னுபோயிட்ட. நான் பாட்டுக்கு இங்க நின்னு கூப்பிட்டா உனக்கு எப்படிக் கேக்கும்?”

“தோன்யா, இருபதடி கூட இருக்காது.”

“இருபதடியை ரெண்டு வருஷமா உன்னால தாண்ட முடியலையே. வா.”

மரத்தடியில் கம்பளியை விரித்தார்கள். அவன் படுக்க மறுத்தான். “அன்னிக்கு நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்,” என்றான். “அப்ப நில்லு,” என்றாள் ஒர்லிந்தா. இமெல்டாவை ஒரு பக்கம் நிறுத்தினாள், கை எட்டுகிற தூரத்தில். காலிப் பாட்டிலை எடுக்கப்போய், அதை அப்படியே விட்டுவிட்டு, காரிலிருந்த காபிக் குவளையோடு வாய்க்காலில் இறங்கினாள். முழங்கால்வரை பாவாடை நனைந்து, சேறு அப்பி, பனித்தண்ணீர் கொண்டுவந்தாள்.

தழையால் வருடினாள். தண்ணீரை வாய்நிறைய எடுத்துக்கொண்டாள். பல் கூசிற்று. அவன் கண்ணை மூடுகிறவரை காத்திருந்து, முழு மூச்சோடு ஊதினாள்.

“ஐயோ! சனியன் பிடிச்ச...” அவன் துள்ளிக் குதித்தான். “செத்த பொணத்தோட குளிரு தோன்யா!”

“வா தெல்ஃபினோ! அங்க நிக்காத! வா!”

அவன் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மதகுப் பக்கம் பார்த்தான்.

“அவனை எப்படி விட்டுட்டு...”

“அவனை நான் கூப்பிடல. அவன் போயாச்சு. உன்னைக் கூப்பிடறேன். குடிச்சியே, அந்த ஆளைக் கூப்பிடறேன். அவன்தான் இங்க தனியா நிக்கறான். வா தெல்ஃபினோ.”

“அவனை எதுக்குக் கூப்பிடறீங்க? அவன் நல்லவன் இல்ல.”

“நல்லவனை மட்டும் கூப்பிட்டா நீ முழுசா வந்து சேருவியா? வா மிஹோ. வா.”

“வர்றேன்,” என்றான். அப்புறம் கோபத்தோடு, யாரோ இழுத்துக்கொண்டு போவதைப்போல, “இருங்க. வர்றேன். வர்றேங்கறேன்ல,” என்றான். சொல்லிக்கொண்டே நடந்தான். மரத்தடியிலிருந்து மதகுவரை நடந்து, அங்கே குந்தி உட்கார்ந்து, அண்ணன் கிடந்த மண்ணில் உள்ளங்கையை வைத்தான். இரண்டு பெண்களும் இருந்த இடத்திலேயே நின்றார்கள். அவன் அண்ணனிடம் என்ன சொன்னான் என்பது தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை.

திரும்பும்போது கார் ஊருக்குள் நுழைந்ததும் பின்சீட்டிலிருந்து, “எனக்கு இப்ப வேணும்,” என்றான்.

இமெல்டாவின் கை ஸ்டீரிங்கை இறுக்கிற்று.

“அவ்வளவும் பண்ணிட்டு, இப்ப முன்னைவிட அதிகமா வேணும். பொய் சொல்லல. அடுத்த வளைவுல சாராயக் கடை வருது. நிறுத்தச் சொல்லி உன்கிட்டக் கெஞ்சப்போறேன் இமெல்டா. கெஞ்சினா நிறுத்தாத.”

“ஓடினப்பல்லாம் இதை நீ சொன்னதே இல்லையேடா.”

“சொன்னா விடமாட்டியே.”

“பேசிக்கிட்டே இரு,” என்றாள் ஒர்லிந்தா. அவள் முன்சீட்டிலிருந்து கையைப் பின்னால் நீட்டி அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

கடை வந்தது. “நிறுத்து,” என்றான். இமெல்டா நிறுத்தவில்லை. “உன் தலையில இடி விழ,” என்றான். “விழட்டும்,” என்றாள் அவள். கடை போய்விட்டது. கொஞ்ச தூரம் போனதும், “இடியை வாபஸ் வாங்கிக்கறேன்,” என்றான்.

மண்வீட்டு வாசலில் கார் நின்றபோது, மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்த டாக்டரம்மா வெளியே வந்து நின்றிருந்தார். ஒருவரும் இறங்கவில்லை.

“அவங்ககிட்ட நீயே சொல்லிடேன் இமெல்டா. அந்த வண்டி விஷயத்தை.”

“உன் வாயால சொல்லுடா.”

“எனக்கும் சொல்லவேண்டியது ஒண்ணு இருக்கு,” என்றாள் ஒர்லிந்தா. அவள் குரல் சிறுத்திருந்தது. “உன் மூஞ்சிக்கு மேல சாராயத்தோட குனிஞ்சேன். இதைக் கேட்டா இனிமே வரவேண்டாம்னு சொன்னாலும் சொல்லிடுவாங்க. ஆனா நானே சொல்லணும்.”

தெல்ஃபினோ அவளைப் பார்த்தான். அவள் பாவாடையில் சேறு காய்ந்துகொண்டிருந்தது.

“யாரு முதல்ல?” என்றான்.

“நீயே சொல்லு.”

“நீங்கதான். உங்களுக்குத்தான் திட்டு ஜாஸ்தி விழும். அதைக் கேட்டுட்டு வந்தா அவங்க கோபம் கொஞ்சம் தீந்திருக்கும், என்கிட்ட மெதுவாப் பேசுவாங்க.”

“அடப்பாவி.”

“வரவேண்டாம்னாங்கன்னா நான் பேசிக்கறேன். தப்பான எடத்துல கூப்பிட்டாங்க, அப்புறம் சரியான எடத்துல கூப்பிட்டாங்கன்னு சொல்றேன்.” அவன் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தான். அப்படியே ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தான்.

“இன்னும் வேணும் தோன்யா,” என்றான்.

“தெரியுது மிஹோ. இறங்கு. சாயங்கால மாத்திரைக்கு நேரமாச்சு.”

அவன் இறங்கினான். அவள் பக்கத்துக் கதவையும் திறந்துவிட்டு, அவள் எழுந்துகொள்ளக் கையைக் கொடுத்தான்.